இடிபாட்டில் எழுந்த இசை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு மாணவி)

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், எல்பே ஆற்றங்கரையில் அமைந்த எழில்மிகு நகரம் டிரெஸ்டன். அந்நகரின் நடுவே ஓங்கி நிற்கிறது ஃப்ராவன்கிர்கே என்னும் லுத்தரன் தேவாலயம். 'நம் அன்னையின் ஆலயம்' என்பது அப்பெயரின் பொருள். லுத்தரன் சபையாரின் ஆலயத்திற்கு மரியன்னையின் பெயரா என்று ஐயுற வேண்டா. சமயச் சீர்திருத்தத்திற்கு முன் அங்கிருந்த பழைய கத்தோலிக்க ஆலயத்தின் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. கட்டடம் மாறினும் சமயம் மாறினும், பெயர் எளிதில் மாறுவதில்லை போலும்!

இரண்டாம் உலகப்போர் பற்றிய வகுப்புக் கருத்தரங்கிற்காகப் படித்தபோது இவ்வாலயத்தின் வரலாறு எனக்குக் கிடைத்தது. மதிப்பெண்ணுக்காகப் படிக்கத் தொடங்கிய நான், மதிப்பெண்ணை மறந்து படித்தேன். அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

அந்நகருக்கும் எங்கள் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, தமிழில் நூல்களை அச்சிட்ட சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூர் டிரெஸ்டனுக்கு அருகில்தான் உள்ளது. தரங்கம்பாடியில் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் திறக்கப்பட்டது. டிரெஸ்டன் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியதோ 1726-இல்தான்.

அதைக் கட்டிய கியோர்க் பேர் தச்சுத் தொழிலில் வளர்ந்தவர். கவிழ்த்து வைத்த மணியைப் போன்ற கல் குவிமாடத்தை அவர் திட்டமிட்டார். இவ்வளவு பாரத்தைத் தூண்கள் தாங்குமா என்று அஞ்சினோர் பலர். 1738-இல் அவர் மறைந்தார். 1743-இல் பணி முற்றுப்பெற்றது.

அதற்குமுன்பே ஆலயத்தில் ஆர்கன் முழங்கத் தொடங்கிவிட்டது. ஆர்மோனியத்தை அறிந்தவர்களுக்கு ஆர்கனை விளக்குதல் எளிது. இரண்டிலும் துருத்திதான் மூச்சு. ஆர்மோனியத்தில் உலோக நாக்குகள் அதிர்கின்றன. ஆர்கனிலோ காற்று ஆயிரக்கணக்கான குழல்களில் புகுந்து ஒலிக்கிறது. குழல் நீண்டால் ஒலி தாழும், குறுகினால் உயரும். இரு கைகளுக்கும் மட்டுமன்றிக் கால்களுக்கும் கட்டைகள் உண்டு. அக்கருவியைச் செய்தவர் கோட்பிரீட் சில்பர்மான். மூன்று கட்டை வரிசைகளும் 43 குழல் வகைகளும் கொண்ட அது, 1736 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், டிசம்பர் 1-ஆம் நாள், இசைமேதை பாக் அதில் அமர்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தார்.

இருநூறு ஆண்டுகள் கடந்தன. 1945 பிப்ரவரி 13-ஆம் நாள் இரவு நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டன்மீது குண்டு மழை பொழிந்தன. நகரம் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். ஆலயம் மட்டும் தீயின் நடுவே நின்றது. ஆனால் வெப்பத்தில் வெந்த தூண்கள் தாங்கவில்லை. 15-ஆம் நாள் காலையில் குவிமாடம் சரிந்தது. சில்பர்மானின் ஆர்கனும் அதனோடு அழிந்தது. கிழக்கு ஜெர்மன் அரசின் காலம் முழுவதும் அங்கே கற்குவியல்தான் கிடந்தது.

ஜெர்மனி ஒன்றிணைந்தபின் மீட்புப்பணி தொடங்கிற்று. உலகெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. 1999-இல் நோபல் பரிசு பெற்ற குந்தர் புளோபல் தம் பரிசுத்தொகையின் பெரும்பகுதியை டிரெஸ்டனின் மறுசீரமைப்புக்கு வழங்கினார். உச்சியில் ஒளிரும் பொற்சிலுவையைச் செய்த இலண்டன் பொற்கொல்லரின் தந்தையோ, அன்று குண்டு வீசிய விமானிகளுள் ஒருவர்! இடிபாட்டிலிருந்து எடுத்த கறுத்த கற்களைப் புதிய வெண்கற்களுக்கிடையே பதித்து எழுப்பிய ஆலயம், 2005 அக்டோபர் 30-இல் திறக்கப்பட்டது.

ஆர்கனைப் பற்றித்தான் பெரும் வழக்கு எழுந்தது. "சில்பர்மான் செய்ததை அப்படியே செய்க" என்றனர் ஒரு சாரார். "பிற்கால இசையையும் வாசிக்க வேண்டுமே" என்றனர் மறுசாரார். இறுதியில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து டானியல் கெர்ன் அப்பணியைச் செய்தார். சில்பர்மான் தம் தமையனிடம் தொழில் கற்ற ஊரும் அதுவே. முகப்புப் பழைய தோற்றத்திலேயே அமைந்தது; சில்பர்மானின் குழல் வகைகளே அடிப்படையாயின. ஆனால் நான்காவதாக ஒரு கட்டை வரிசை, 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணியில் புதிதாகச் சேர்ந்தது.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26-இல் கடல் எங்கள் தெருவுக்குள் புகுந்து, ஆறு வயது அக்காளைக் கொண்டுபோயிற்று. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த அம்மா, மீண்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2006-இல் என்னைப் பெற்றாள். அக்காளின் பெயரையே எனக்கும் வைத்தார்கள். முகமும் அவளுடையதே என்பார்கள். "போனவளே திரும்பி வந்துட்டா" என்று அப்பாயி வருவோரிடமெல்லாம் சொல்லுவாள். அக்காள் நன்றாகப் பாடுவாளாம். எனக்குப் பாட்டு வராது. நான் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கி வந்தால், "அவ இருந்தா அவளும் வாங்கியிருப்பா" என்பாள் அம்மா. பரிசைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று பலமுறை நினைத்ததுண்டு.

டிரெஸ்டன் வழக்கைப் படித்தபோது ஒன்று விளங்கிற்று. அப்படியே வேண்டும் என்று கேட்டவர்கள் புதியதை வெறுத்தவர்கள் அல்லர். இழந்ததை மறக்க முடியாதவர்கள். அப்பாயியும் அப்படித்தான். அவள் சொல்லுக்கு இப்போதெல்லாம் நான் சினப்பதில்லை.

ஒருநாள் இக்கதையை அம்மாவுக்குச் சொல்லி, கைப்பேசியில் அந்த ஆர்கன் இசையைக் கேட்கவைத்தேன்.

"பழைய சத்தம் மாதிரியே இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்காதும்மா. பழசுல இல்லாதது ஒண்ணும் இதுல இருக்கு" என்றேன்.

அம்மா என்னைச் சிறிதுநேரம் பார்த்தாள். பிறகு, "நீ ஓடுற போட்டி எப்ப? நானும் வர்றேன்" என்றாள்.

நண்பர்களே, வரலாறு படிப்பவர்களாகிய நாம் அழிந்தவற்றைப் பற்றியே மிகுதியும் படிக்கிறோம். அழிந்த இடத்தில் எழுந்தவற்றையும் படிப்போம். கறுத்த கல்லும் வெளுத்த கல்லும் சேர்ந்துதானே அங்கே சுவராய் நிற்கின்றன!