லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஒன்று, கூட்டிச் சொல்வார்கள். இல்லையென்றால் பங்க்காரரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள் :)

பாளையங்கோட்டையில் ஒருவர். அரசு அலுவலகத்தில் 30 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி 2007 மாடல் மாருதி 800. மனைவிக்கு முழங்கால் தேய்மானம், பஸ் படி ஏற முடியாது. பிசியோதெரபி, கோயில், பேத்தி வீடு எல்லாம் அந்தக் காரில்தான். 2025-ல் அவருக்கு ஒரு சந்தேகம்: போடுகிற 500 ரூபாய் பெட்ரோல் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

சென்னையில் இருக்கும் மகன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான். "வித்துருங்கப்பா, எதுக்கு இந்த டப்பா?" இந்த வயசு வண்டிக்குக் காயலான் கடை விலைதான் கிடைக்கும். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பான் என்று மட்டும் கேட்டார்.

மனுஷர் கணக்குக்காரர் இல்லையா, முதலில் அளந்தார். 500 ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்ப்பதெல்லாம் அளவே இல்லை. டேங்க் நிரப்பி, சரியாக 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பினார். 24 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 12.5. பழைய டைரியில் 2022-ல் எழுதியது 17. நடுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு வரவும் இல்லை, செலவும் இல்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது 11 லிட்டர் நஷ்டம். ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

எல்லோரும் கை காட்டியது இ20 பெட்ரோலை. எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி குறைவு என்பது உண்மைதான். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6-7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றது. ஆனால் 17-ல் 7 சதவீதம் என்றால் 1.2 தான். மீதி மூன்று கிலோமீட்டருக்கு மேல் எங்கே போனது?

டயரில் காற்று 20 பவுண்டுதான் இருந்தது. சரி செய்ததும் 13 ஆனது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஓட்டி வந்ததும் சக்கரத்தின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார், நாலும் ஒரே மாதிரி சூடு. ஏர் ஃபில்டரை மாற்றினார், பிரயோஜனம் இல்லை. (கார்புரேட்டர் வண்டிக்குத்தான் அது பெரிய விஷயம். இஞ்செக்ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறைவதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-லேயே சோதித்துச் சொல்லிவிட்டது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்களுக்கு இன்னும் செய்தி வரவில்லை போல.)

துப்பு கொடுத்தது மனைவிதான். "ஏங்க, இந்த சூட்டு முள்ளு முன்னெல்லாம் பாதி வரைக்கும் வருமே?"

வரவில்லை. நாங்குநேரி ரோட்டில் 60-ல் போனால் கீழேயே படுத்துக்கிடந்தது. அப்போதுதான் 2023 கோடை ஞாபகம் வந்தது. எஞ்சின் சூடாகி வண்டி நின்றபோது மெக்கானிக், "நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வே வேண்டாம் அண்ணாச்சி" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். அது இல்லையென்றால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. சென்சார் "இன்னும் குளிராக இருக்கிறது" என்றே சொல்லும், கம்ப்யூட்டரும் அதை நம்பி காலையில் ஸ்டார்ட் செய்வதுபோல் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். அன்று சூடானதற்குக் காரணம் வால்வே இல்லை. கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய போர் தண்ணீரில் ரேடியேட்டர் உப்புப் படிந்து அடைத்திருந்தது.

சில நூறு ரூபாய்க்குப் புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் கிளீனிங், நல்ல கூலன்ட். மறுபடி டேங்க், மறுபடி 300 கிலோமீட்டர். 19.2 லிட்டர். வகுத்தால் 15.6.

மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். "சரிப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றான். டைரியில் அன்றைய தேதி போட்டு 15.6 என்று எழுதி, பக்கத்தில் "தெர்மோஸ்டாட்" என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார்.