அது என் ஸ்லைடு இல்லை, ஹஜ்ரத்

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘குழு செமினார்’ என்ற சொல் இன்று சாதாரணமாகிவிட்டது. நால்வர் ஒரு தலைப்பைப் பங்கிட்டுக்கொண்டு வகுப்பின் முன் பேச வேண்டும். மதிப்பெண் நால்வருக்கும் பொது. தேர்வறையிலோ அவரவர் தனியேதான் அமர வேண்டும். பிள்ளைகள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மாலையில் நம்மிடம் ஓத வரும் கணினி அறிவியல் மாணவர் நால்வர், மஃரிப் தொழுகைக்குப் பின் தம் செமினாரை நம் முன் ஒத்திகை பார்த்தனர். கணினி நம் துறையன்று. ஆயினும் ஒருவர் விளங்கிப் பேசுகிறாரா, ஒப்பிக்கிறாரா என்று கண்டுகொள்ளும் பழக்கம் ஓதிக்கொடுப்பவர்களுக்கு உண்டு.

முதலாமவர் தெளிவாகவே தொடங்கினார். பிராசசரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெப்பம் தாங்காது. ஆகவே 2005இல் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் இரண்டு கோர்கள் கொண்ட பிராசசர்களை மேசைக் கணினிகளுக்கு விற்கத் தொடங்கின என்றார். இரண்டாமவர், 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த கணக்கைச் சொன்னார். ஒரு வேலையில் பாதியைப் பங்கிட இயலாது எனில், நான்கு கோர்கள் உழைத்தாலும் வேகம் 1.6 மடங்குதான், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் இரு மடங்கைத் தாண்டாது.

“ஏன் தாண்டாது?” என்று நான்காமவரிடம் கேட்டோம்.

“அது என் ஸ்லைடு இல்லை, ஹஜ்ரத்.”

எல்லா ஸ்லைடுகளையும் தட்டச்சு செய்தவர் அவரே. கூச்ச சுபாவம் உள்ளவர் என்பதால் முடிவுரையையும் நன்றியுரையையும் மட்டும் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். இது இரக்கம்போல் தோன்றும். உண்மையில் அவரைப் பாடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாமவரின் பகுதிதான் நம்மை மிகவும் கவர்ந்தது. ஒவ்வொரு கோரும் தனக்கருகே ‘கேஷ்’ என்னும் சிறு நினைவகத்தில் தகவலின் நகலை வைத்திருக்கிறது. ஒரு கோர் அதை மாற்றினால், மற்றவற்றிடம் உள்ள பழைய நகல்கள் செல்லாதவை என உடனே அறிவிக்கப்பட வேண்டும். இதை அவர் அழகாக விளக்கினார். ஆனால் முதலாமவர் முந்தைய இரவு மாற்றிய எடுத்துக்காட்டு இவரிடம் வந்து சேரவில்லை, பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார்!

அரபிக் கல்லூரிகளில் பாடம் முடிந்தபின் மாணவர்கள் அதை ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லும் ‘தக்ரார்’ என்ற வழக்கம் உண்டு. அதையே செய்யுமாறு பணித்தோம். தம் பகுதியை மற்றவருக்குக் கற்பித்துவிட்டு, மற்றவருடையதைத் தாம் சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டு நாள்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள், ஆயினும் அமர்ந்தார்கள்.

மறுநாள் ஆம்டாலின் கணக்கு நான்காமவர் பங்குக்கு வந்தது. “வலீமா சமையலில் வெங்காயம் நறுக்க நால்வர் இருந்தால் வேலை விரைவாக முடியும். தம் போட்ட பிறகு நாற்பது பேர் சுற்றி நின்றாலும் பிரியாணி தன் நேரத்தில்தான் வேகும், ஹஜ்ரத்” என்றார்.

அந்த எடுத்துக்காட்டைத் தம் ஸ்லைடில் சேர்த்துக்கொள்ளலாமா என்று இரண்டாமவர் கேட்டார். “நீயே சொல்லிவிடேன்” என்றார் மூன்றாமவர், நான்காமவரைப் பார்த்து.