பனித்தீவின் ஆட்ட வீரர்கள்

வட அட்லாண்டிக் பெருங்கடலில், வடமுனை வட்டத்தை ஒட்டி, எரிமலைகளும் பனியாறுகளும் அருகருகே விளங்கும் தீவு ஐஸ்லாந்து. பரப்பில் அஃது ஒரு லட்சம் சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்தது. மக்கள் தொகையோ 2008 ஆம் ஆண்டில் 3,20,000 என்னும் அளவைக்கூட எட்டவில்லை. நடுத்தரமான ஒரு நகரத்தில் வாழும் மக்கள் எத்துணையரோ அத்துணையரே அந்நாட்டினர் அனைவரும். அவருள் சிறுவரையும் முதியோரையும் பெண்டிரையும் நீக்கினால், உலகப் போட்டிகளில் ஆடத்தக்க வயதினராகிய ஆடவர் சில பதினாயிரவரே எஞ்சுவர். அத்தகைய நாட்டின் அணி ஒன்று, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 24 ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில், ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய பிரான்சு நாட்டின் அணியை எதிர்த்து நின்றது. அவர்கள் ஆடிய ஆட்டம் ஹேண்ட்பால் எனப்படும்.

இப்பெயரைக் கேட்டவுடன் கைப்பந்து என்று கருதிவிடுதல் கூடாது. கைப்பந்து என்பது வலைக்கு மேலே பந்தைத் தட்டியாடும் வாலிபால். ஹேண்ட்பாலோ, கால்பந்தின் இயல்பைக் கைக்கு மாற்றி, சுவர்களுக்குள்ளே அடக்கியது போன்றது. நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், பக்கத்திற்கு எழுவராக நின்று ஆடுவர். எழுவருள் ஒருவர் கோல் காவலர். கோலின் அகலம் மூன்று மீட்டர். உயரம் இரண்டு மீட்டர். அதற்கு ஆறு மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு உண்டு. அக்கோட்டிற்கு உட்பட்ட இடம் காவலர் ஒருவர்க்கே உரியது. ஏனையோர் அதனுள் கால் வைத்தலாகாது. ஆயின், கோட்டிற்கு வெளியே கால் ஊன்றி, உள்நோக்கிப் பாய்ந்து, கால் தரையைத் தொடுமுன் பந்தை எறிதல் முறையே ஆகும். ஆட்டத்தின் அழகெல்லாம் அந்தப் பாய்ச்சலில் இருக்கிறது எனலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடத்தல் ஆகாது. மூன்று வினாடிக்கு மேல் வாளா நிற்றலும் ஆகாது. கோல் விழும் வாய்ப்பை எதிரணியினர் முறைகேடாகத் தடுத்துவிட்டால், ஏழு மீட்டர் தொலைவிலிருந்து தனியாக நின்று எறியும் உரிமை கிடைக்கும். முப்பது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இவ்வாட்டத்திற்கு விதி வகுத்தோருள் முன்னவர் டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் ஹோல்கர் நீல்சன். அவர் வகுத்த விதிகள் 1906 ஆம் ஆண்டில் அச்சேறின. அக்காலத்தில் ஐஸ்லாந்து டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. டென்மார்க்கிற்குச் சென்று உடற்பயிற்சி கற்று மீண்ட ஆசிரியர்கள், 1920-களில் இவ்வாட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர். விதை ஏற்ற நிலத்தில் விழுந்தது. டிசம்பர்த் திங்களில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் கதிரவன் நான்கு மணி நேரமே தலைகாட்டுவான். திறந்த வெளியெல்லாம் பனியும் இருளும் மூடிக்கிடக்கும். அந்நிலையில் இளைஞர் கூடி ஓடியாடுவதற்குக் கூரையின்கீழ் ஆடும் ஆட்டமே வேண்டும்.

கூரையும் தொடக்கத்தில் எளிதாக வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ரெய்க்யாவிக்கில் தங்கியிருந்த அயல்நாட்டுப் படையினர் விட்டுச்சென்ற கொட்டகை ஒன்றே பல ஆண்டுகள் அந்நகரின் ஆட்டக்கூடமாகப் பயன்பட்டது. அதன் தளம் முழு அளவினதன்று. குறுகிய இடத்தில் பழகியவர்கள் அயல்நாடு சென்று அகன்ற தளத்தில் ஆட நேர்ந்தபோது என்ன ஆகும் என்பதை 1950 ஆம் ஆண்டில் கண்டனர். நாட்டின் பெயரால் அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் ஸ்வீடனின் லுண்டு நகரில் நடைபெற்றது. ஸ்வீடன் 15 கோல்களும் ஐஸ்லாந்து 7 கோல்களும் எறிந்தன.

ஆயினும் அவர்கள் தளர்ந்திலர். 1957 இல் நாட்டுக்கென ஹேண்ட்பால் சங்கம் நிறுவினர். அடுத்த ஆண்டே உலகப் போட்டியில் கலந்துகொண்டனர். 1961 இல் அப்போட்டியில் ஆறாம் இடம் எய்தினர். தலைநகரில் பெரிய ஆட்டக்கூடம் திறக்கப்பெற்றது 1965 ஆம் ஆண்டிலேதான் என்பதை எண்ணும்போது அந்த ஆறாம் இடத்தின் அருமை விளங்கும்.

அதன்பின் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்தன. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் 1986 உலகப் போட்டியிலும் ஆறாம் இடம் பெற்றனர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் எட்டாம் இடத்திற்கு இறங்கினர். அதனால், உலகப் போட்டியின் இரண்டாம் பிரிவில் ஆட நேர்ந்தது. 1989 இல் பாரிசு நகரில் அப்பிரிவின் இறுதி ஆட்டத்தில் போலந்தை வென்று மீண்டும் மேலேறினர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிற்கு அவர்கள் தகுதி பெறவே இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் தடையால் யூகோஸ்லாவியா விலக்கப்பட்டமையின், அவ்விடம் இவர்க்குக் கிட்டியது. விருந்துக்கு அழைக்கப்படாமல் வந்தவர் போன்ற அவ்வணி நான்காம் இடம்வரை சென்றது! 1997 இல் ஜப்பானில் நடந்த உலகப் போட்டியில் ஐந்தாம் இடம். 2025 வரை நடந்த உலகப் போட்டிகளில் அவர்கள் எய்திய உயர்ந்த இடம் அதுவே. 2002 இல் ஐரோப்பியப் போட்டியில் ஓலாவுர் ஸ்டெஃபான்சன் 58 கோல்கள் எறிந்து வீரர் அனைவரினும் முதல்வராகத் திகழ்ந்தும், அணிக்குக் கிடைத்தது மீண்டும் நான்காம் இடமே. நான்காம் இடத்தினர்க்குப் பதக்கம் இல்லை. ஐந்தாம் இடத்தவனுக்கு இல்லாத ஒரு துயரம் நான்காம் இடத்தவனுக்கு உண்டு.

இத்தடைகளுள் ஒன்றிற்கு அந்நாட்டு மக்கள் பெயரும் இட்டிருந்தனர். குழந்தைகளை அச்சுறுத்தும் கிரீலா என்னும் அரக்கி ஒருத்தி அவர்தம் நாட்டுப்புறக் கதைகளில் வருவாள். முதன்மையான போட்டிகளில் நெடுங்காலம் ஸ்வீடனை வெல்ல மாட்டாது தோற்றுத் தோற்று, அவ்வணியையே ‘ஸ்வீடன் கிரீலா’ என்று வழங்கலாயினர். ஸ்வீடன் பூச்சாண்டி என்று அதனைத் தமிழாக்கலாம். அப்பூச்சாண்டி 2006 ஆம் ஆண்டில் ஒழிந்தது. உலகப் போட்டிக்கான தகுதி ஆட்டங்களில் ஐஸ்லாந்தினர் ஸ்வீடனை வென்று, அதனை அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்தே விலக்கிவிட்டனர். 2008 இல் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதும் போலந்தில் நடந்த ஆட்டத்தில் அதே ஸ்வீடனை வென்றபின்புதான்.

பெய்ஜிங்கிற்குச் சென்ற அணியின் தலைவர் ஓலாவுர் ஸ்டெஃபான்சன். பயிற்சியாளர் குத்முந்தூர் குத்முந்த்சன். பிந்தியவர் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் ஆட்டக்காரராக நின்றவர். ஆறாம் இடத்தையும் எட்டாம் இடத்தையும் நேரில் அறிந்தவர். முதல் ஆட்டத்தில் ரஷ்யாவை 33-31 என்றும், அடுத்த ஆட்டத்தில் அப்போதைய உலக வாகையராகிய ஜெர்மனியை 33-29 என்றும் வென்றனர். பின்னர்த் தென்கொரியாவிடம் ஒரே கோலில் தோற்றனர். அதனை அடுத்து எதிர்ப்பட்டது டென்மார்க்கு: ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த நாடு, அவ்வாண்டு ஐரோப்பிய வாகை சூடிய நாடு. ஆட்டம் முடியும் தறுவாயில் டென்மார்க்கு ஒரு கோல் முந்தியிருந்தது. அப்போது நடுவர்கள் ஐஸ்லாந்திற்கு ஏழு மீட்டர் எறிதல் வழங்கினர். டென்மார்க்கினர் வெகுண்டனர். ஸ்னோரி ஸ்டெய்ன் குத்யோன்சன் கோட்டருகே வந்து நின்றார். கூட்டத்தின் ஆரவாரத்தினிடையே அவர் எறிந்த பந்து கோலுக்குள் சென்றது. 32-32 என ஆட்டம் சமனாயிற்று. அந்த ஓர் எறிதலின்போது அவ்விளைஞரின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எழுத்தில் அடங்குவதன்று.

காலிறுதியில் போலந்தை 32-30 என்று வென்றனர். அரையிறுதியில் ஸ்பெயினை 36-30 என்று வென்றபோது, பதக்கம் ஒன்று உறுதியாயிற்று. அதற்கு முன் ஐஸ்லாந்து ஒலிம்பிக்கில் பெற்ற பதக்கங்கள் மூன்றே: 1956 இல் மும்முறைத் தாண்டலில் வெள்ளி; 1984 இல் ஜூடோவில் வெண்கலம்; 2000 இல் கோலூன்றித் தாண்டலில் வெண்கலம். மூன்றும் தனியொருவர் பெற்றவை; ஓர் அணி பெற்றது அதுவரை ஒன்றும் இல்லை. அம்மகிழ்ச்சிப் பெருக்கில் குடியரசுத் தலைவரின் துணைவியார், ஐஸ்லாந்து சிறிய நாடன்று, உலகிலேயே மிகப் பெரிய நாடு என்று அந்நாட்டு மொழியில் கூறினார். அவ்வம்மையார் ஜெருசலேமில் பிறந்தவர். ஐஸ்லாந்து மொழியை வளர்ந்தபின் கற்றவர். ‘பெரிய’ என்னும் பொருளுடைய சொல், ‘மிகப் பெரிய’ என்று பொருள்படும்போது, அம்மொழியில் தன் உயிரெழுத்துத் திரிந்து நிற்கும். அவர் திரிக்காமலே கூறிவிட்டார். இலக்கணம் வழுவிய அச்சொல்லையே மக்கள் விரும்பி ஏற்று, மீண்டும் மீண்டும் சொல்லி மகிழ்ந்தனர். பிழை ஒன்று ஒரு நாட்டின் பெருமைச்சொல்லாக வாழ்வது அரிய செய்தியன்றோ?

இறுதி ஆட்டம் ஐஸ்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொலைக்காட்சியில் தெரிந்தது. பிரான்சு 28, ஐஸ்லாந்து 23. வெள்ளிப் பதக்கத்தோடு மீண்ட வீரர்களைத் தலைநகரின் தெருக்களில் பல்லாயிரவர் திரண்டு வரவேற்றனர். இருபதின்மரில் ஒருவர், முப்பதின்மரில் ஒருவர் என்று சொல்லத்தக்க அளவில் மக்கள் கூடுவது பெரிய நாடுகளுக்கு இயலாத செயல்.

ஆறு வாரங்கள் கழிந்தன. அக்டோபர்த் திங்களில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. நாணயத்தின் மதிப்புக் குன்றியது. பலர் வேலை இழந்தனர். அத்துன்பக் காலத்தின் நடுவே, 2010 சனவரி இறுதியில், வியன்னா நகரில் போலந்தை 29-26 என்று வென்று ஐரோப்பியப் போட்டியின் வெண்கலத்தை அதே அணி பெற்றது. பதக்கத்தால் கடன் தீராது. எனினும் அந்த மாலையில் அங்கே மகிழாத வீடு அரிது.

2012 இலண்டன் ஒலிம்பிக் அவர்களுக்குக் கொடியதாயிற்று. பிரிவு ஆட்டங்கள் ஐந்தினையும் வென்றனர். அவற்றுள் பிரான்சை வென்றதும் ஒன்று. காலிறுதியில் ஹங்கேரியோடு ஆடியபோது, ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரமும் சமனாகி, இரண்டாம் கூடுதல் நேரத்தின் முடிவில் 34-33 என்று ஒரே கோலில் வீழ்ந்தனர். அந்த அணியில் ஆடிய குத்யோன் வாலுர் சிகுர்த்சன், பின்னர் உலகில் எந்நாட்டவரும் தம் நாட்டுக்காக எறியாத அளவு, 1,800-க்கும் மேற்பட்ட கோல்களை எறிந்து, 2020 இல் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக்கில் தங்கம் அவர்க்கும் கிட்டவில்லை.

தங்கம் கிட்டியது பயிற்சியாளர் குத்முந்த்சனுக்கு. ஆயின் ஐஸ்லாந்தின் சார்பில் அன்று. அவர் டென்மார்க்கு அணியின் பயிற்சியாளராகி, 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் அதே பிரான்சை 28-26 என்று வெல்லச் செய்தார். டென்மார்க்கு ஆடவர்க்கு அதுவே ஹேண்ட்பாலில் முதல் ஒலிம்பிக் தங்கம். ஆசிரியர் நாட்டுக்கு மாணவர் நாடு ஆசிரியரை அனுப்பியது! அவர் ஒருவர் மட்டும் அல்லர். 2016 இல் ஜெர்மனியை ஐரோப்பிய வாகையராக்கிய டாகுர் சிகுர்த்சன், 2024 பாரிசு ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு வெள்ளி பெற்றுத் தந்த அல்ஃப்ரெத் கிஸ்லசன், நார்வே நாட்டுப் பெண்கள் அணியைப் பலமுறை வாகை சூடவைத்த தோரிர் ஹெர்கெய்ர்சன் ஆகியோர் அனைவரும் ஐஸ்லாந்தினரே. சிறிய நாட்டில் ஆட்டக்காரர் தொகை குறைவு. ஆகவே எதிரியின் வலிமையைக் கணக்கிட்டு, அறிவால் ஈடுசெய்யக் கற்றாக வேண்டும். அக்கல்வியே பிற நாட்டவர் விலைகொடுத்துப் பெறும் பொருளாயிற்று.

விற்ற வாள் ஒரு நாள் விற்றவரையே வெட்டியதும் உண்டு. 2025 சனவரியில் உலகப் போட்டியில் ஐஸ்லாந்து, ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தினை வென்றது. தோற்ற ஆட்டம் ஒன்றே. அது ஜாக்ரெப் நகரில் குரோவேசியாவிடம், 26-32 என்று. எகிப்து, குரோவேசியா, ஐஸ்லாந்து ஆகிய மூன்றும் ஒரே புள்ளிக்கணக்கில் நின்றமையால், தமக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல்களை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஐஸ்லாந்து எகிப்தை மூன்று கோல்களால் வென்றிருந்தது; குரோவேசியாவிடம் ஆறு கோல்களால் தோற்றிருந்தது. எகிப்து குரோவேசியாவை நான்கு கோல்களால் வென்றிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, குரோவேசியாவுக்கு இரண்டும் எகிப்துக்கு ஒன்றும் மிகுதியாக நிற்க, ஐஸ்லாந்துக்கு மூன்று குறைந்தது. இரு நாடுகளே மேலே செல்லலாம். ஐஸ்லாந்து வீரர் ஒன்பதாம் இடத்தோடு ஊர் திரும்பினர். குரோவேசியா இறுதிவரை சென்று வெள்ளி பெற்றது. அதன் பயிற்சியாளர், முன்னாளில் ஐஸ்லாந்து அணிக்குத் தலைவராக நின்று ஆடிய டாகுர் சிகுர்த்சன்.