தவளைக்கு நான்கு முடிச்சு

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மழை நின்றிருந்தாலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஓடைமேல் சாய்ந்து நின்ற மரத்தில் பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கால்களைப் பார்த்தால் அறுபதைத் தாண்டியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீழே டார்ச் பிடித்து நின்றவர் அவருடைய தங்கை மகன். வெளிச்சம் தவறிப்போய்ப் பெரியவரின் கண்ணில் அடித்தபோது மேலேயிருந்து ஒரு வசவு விழுந்தது. அதை யாரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் தவளையைக் கண்ணால் தேடவில்லை. முன்னிரவிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். நடுநடுவே நின்று, தொண்டைக்குள்ளிருந்து கொக்கரிப்பது போல ஒரு குரலை எடுத்தார். மூன்றாம் முறை ஒரு மரம் பதில் சொன்னது. கிளை கவைக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருந்தது: உள்ளங்கை நீளம், வாழையிலைப் பச்சையில் முதுகு, வெளுத்த வயிறு. அறிவியலில் ஃபில்லோமெடூசா பைகலர். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கம்போ. மற்ற தவளைகளைப் போல எடுத்ததற்கெல்லாம் தாவாது. விரல்களை எதிரெதிராக வைத்துக் கிளையைப் பற்றிக் குரங்கைப்போல நடக்கும். பெரியவர் கையை நீட்டியபோதும் அது அசையவில்லை. கவ்விய பாம்பே துப்பிவிடும் தோல் அதற்கு. அந்தத் தெனாவட்டுதான் அதை மனிதன் கையில் மாட்டிவிடுகிறது.

இடம் பிரேசிலின் மேற்குக் கோடி, பெரு எல்லையைத் தொட்டிருக்கும் ஆக்ரே மாநிலம். குரூசெய்ரோ தோ சுல் நகரை விட்டு பிஆர்-364 நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் போலப் போனால் கட்டுக்கினா மக்களின் காம்பினாஸ் நிலம். கட்டுக்கினா என்பது வெளியார் வைத்த பெயர். தங்களை அவர்கள் நோக்கே கோய் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'மெய்யான நாங்கள்' என்று பொருள். அமேசான் பழங்குடிகள் பலரிடம் மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண். மானிடவியல்காரர்கள் இம்மாதிரி உறவுமுறைக்கு 'திராவிட உறவுமுறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே மரத்தின்மேல் இருந்தவரை மாமா என்றும் கீழே இருந்தவரை மருமகன் என்றும் இங்கே எழுதுவதில் தமிழ் வாசகருக்கு உறுத்தல் எதுவும் இருக்காது.

வீட்டு முற்றத்தில் நான்கு குச்சிகள் நடப்பட்டிருந்தன. தவளையின் நான்கு கால்களிலும் பனைநாரால் முடிச்சுப் போட்டு, பெருக்கல் குறியைப் போல இழுத்துக் கட்டினார் மாமா. முதல் முடிச்சை மருமகன் போட்டிருந்தார். மாமா அதை அவிழ்த்து வேறு மாதிரி போட்டார். இறுகினால் கால் போய்விடும், தளர்ந்தால் தவளை போய்விடும். பிறகு அதை லேசாகச் சீண்டினார். வலிக்கக் கூடாது, எரிச்சல் வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பச்சைத் தோலின்மேல் பாலாடை போன்ற வெள்ளை படர ஆரம்பித்தது. சிறு குச்சியால் அதை வழித்து, சீவிய மரத் தகட்டில் தடவினார். முதுகின் ஓரம், தோள், தொடை. முழுவதையும் வழிக்கவில்லை. இன்னும் இருக்கிறதே என்று நான் கை காட்டினேன்.

"அது அதுக்கு வேணும். ராத்திரி பாம்பு வந்தா என்ன பண்ணும்?" என்றார்.

நாரை அறுத்து, தவளையை ஓடையோரத்துக் கிளையில் கொண்டுபோய் வைத்தார் மருமகன். அது சிறிது நேரம் கோபமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. தகட்டில் காய்ந்த பூச்சு வார்னிஷ் போல மஞ்சள் தட்டிப்போகும். ஈரம் படாமல் வைத்தால் பல மாதம் கெடாது. எச்சிலோ தண்ணீரோ ஒரு சொட்டு விட்டுக் குழைத்தால் மருந்து தயார். அதற்கும் பெயர் கம்போதான். தமிழில் இந்த வேலைக்குச் சரியான சொல் சுரண்டுதல். அந்தச் சொல்லின் இன்னொரு பொருளுக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

மறுநாள் விடிவதற்குள் மருமகனின் முறை. வெறும் வயிற்றில் கைசுமா குடிக்க வைத்தார்கள். மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சும் கூழ் அது. ஒரு குடம் இருக்கும், மனிதர் திணறித் திணறிக் குடித்தார். கனன்றுகொண்டிருந்த கொடித்துண்டை மாமா அவர் கையில் ஒற்றி ஒற்றி எடுத்தார். வெந்த மேல்தோலை மட்டும் உரித்துவிட்டு, மிளகளவு மருந்து உருண்டையை அந்தப் புள்ளிகளில் வைத்தார். ஆண்களுக்குக் கையிலும் மார்பிலும், பெண்களுக்குக் காலில். மருமகனுக்கு ஐந்து புள்ளி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் சிவந்து வீங்கியது, கழுத்து நரம்பு துடித்தது, குனிந்தவர் நிமிரவே இல்லை. குடித்த கூழெல்லாம் மஞ்சளாக வெளியே வந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கி, ஓடையில் குளித்துவிட்டு வந்து சிரித்தார்.

தன் சட்டையை விலக்கிக் காட்டினார் மாமா. மணிக்கட்டிலிருந்து தோள் ஏறி மார்பு வரை, தையல் போட்டதுபோல வெளுத்த தழும்புகள். இளவயதில் ஒரே நேரத்தில் நூறு புள்ளிக்கு மேல் வாங்கியதாகச் சொன்னார். கிழவர்களின் வீறாப்பு என்று தள்ளிவிட முடியாது. கட்டுக்கினா வேட்டைக்காரர்களைப் பற்றி மானிடவியலாளர்களும் இப்படியே எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை பாடும் எதற்கு? பனேமாவுக்கு. காட்டில் நாள் முழுக்க அலைந்தும் விலங்கு கண்ணில் படாது. பட்டாலும் குறி தப்பும். இந்த வேட்டைப் பீடைக்கு அமேசானில் பனேமா என்று பெயர். வாந்தியோடு அது இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓரிரு புள்ளி வைப்பது சோம்பலைப் போக்க. புள்ளி வைப்பவர் உழைப்பாளியாக, நல்ல வேட்டைக்காரராக இருக்க வேண்டும்; வைப்பவரின் குணம் வாங்குபவருக்கும் ஒட்டிக்கொள்ளும். மருந்தைவிடக் கை முக்கியம். நகரத்தில் இதை விற்கிறவர்கள் முதலில் கழற்றிவிட்ட பகுதி இதுதான்.

எனக்கும் இரண்டு புள்ளி வைக்க முன்வந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரையைக் காட்டித் தப்பினேன். "அப்ப சோம்பேறியாவே ஊர் போய்ச் சேருவ" என்றார் மாமா. அவர் சொன்னதில் பிழையில்லை.

அந்தப் பூச்சில் சரக்கு இருக்கிறது என்பதில் அறிவியலுக்கும் சந்தேகமில்லை. பீட்டர் கோர்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1980களில் பெருவின் மட்செஸ் மக்களோடு தங்கி, அங்கே சாப்போ எனப்படும் இதே மருந்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு எழுதினார். இத்தாலிய ஆய்வாளர் விட்டோரியோ எர்ஸ்பாமரின் குழு அதை ஆராய்ந்து 1993இல் கட்டுரை வெளியிட்டது. எர்ஸ்பாமர் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் செரடோனின் என்று அறியப்பட்ட பொருளை 1930களில் குடல் திசுவிலிருந்து பிரித்தவர். தவளைத் தோலில் இருப்பவை பெரும்பாலும் பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதங்கள். ஃபில்லோசெருலின் குடலைப் பிசைந்து வாந்தியை வரவழைக்கிறது. ஃபில்லோகைனின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குகிறது. டெர்மசெப்டின் சோதனைக் குழாயில் நுண்ணுயிர்களைக் கொல்கிறது. இந்தக் குடும்பத் தவளைகளில் கிடைக்கும் டெர்மார்ஃபின் மார்ஃபினைவிடப் பல மடங்கு வலுவான வலிகொல்லி. 2012இல் அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் உடலில் அது பிடிபட்டது. தவளைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆய்வகத்தில் தயாரித்த சரக்கு என்பதுதான் வல்லுநர்களின் முடிவு.

இதிலிருந்து 'கம்போ நோய் தீர்க்கும்' என்ற இடத்துக்குத் தாவுவது தவளையே தாவாத தாவல். மனிதர்களிடம் முறையாகச் சோதித்து எந்த நோய்க்கும் இது மருந்து என்று இதுவரை யாரும் நிறுவியதில்லை. ஆனாலும் 1990களுக்குப் பிறகு சாவ் பாவ்லோ போன்ற நகரங்களில் மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, போதைப் பழக்கம், புற்றுநோய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. தொடக்கம் எளிமையானதுதான். பிரான்சிஸ்கோ கோமெஸ் என்ற ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி கட்டுக்கினாக்களிடம் கற்றதை நகரத்துக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் காட்டையே பார்த்ததில்லை.

கட்டுக்கினாக்கள் 2003இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மரினா சில்வாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அவரும் ஆக்ரேயின் ரப்பர் காட்டில் பிறந்தவர். எங்கள் அறிவை எங்களைக் கேட்காமல் விற்கிறார்கள் என்பதுதான் புகாரின் சாரம். அமைச்சகம் ஓர் ஆய்வுத் திட்டத்தை எடுத்தது. 2004இல் அன்விசா என்ற சுகாதார ஒழுங்குமுறை அமைப்பு, 'தவளைத் தடுப்பூசி'யின் மருத்துவ குணங்களை விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. கம்போவுக்குத் தடுப்பூசி என்பது வெறும் பெயர்தான். தடைக்குப் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை, கண்டம் தாண்டியது. 2008இல் சாவ் பாவ்லோ மாநிலத்தில் கம்போ வாங்கிக்கொண்ட தொழிலதிபர் ஒருவர் இறந்தார். வெளிநாட்டு அமர்வுகளில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. 2021இல் ஆஸ்திரேலியா இதை ஆபத்தான நஞ்சுகளின் தடைப்பட்டியலில் சேர்த்தது.

இந்தச் செய்திகளை மாமாவிடம் சொன்னேன். சாவைப் பற்றிக் கேட்டபோது தலையை ஆட்டினார். விலையைப் பற்றிக் கேட்டபோதுதான் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். மேல்நாட்டில் ஓர் அமர்வுக்கு வாங்கும் பணத்தை பிரேசில் ரியாலில் மாற்றிச் சொன்னதும், மருமகனைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். "எத்தனை தவளைக்கு இந்தக் காசுன்னு கேக்கறார்" என்றார் மருமகன். ஒரு தகட்டில் எத்தனையோ பேருக்கு வைக்கலாம், மொத்தமும் ஒரே தவளை என்றேன். மாமா சிரிக்கவில்லை.

நெடுஞ்சாலை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பேசிக்கொண்டிருக்கும்போதே மரம் ஏற்றிய லாரி ஒன்று முற்றத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. சாலை வந்த பிறகு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கமாகிவிட்டன, காட்டுப்பன்றி தூரமாகிவிட்டது. முன்பு காலையில் போய் மதியம் திரும்பிய வேட்டைக்கு இப்போது இரண்டு நாள் நடக்க வேண்டியிருக்கிறது என்றார் மருமகன். தவளைக்கு மட்டும் குறைவில்லை.

அன்று பகலில் அவர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார். புள்ளிகள் இன்னும் ஈரமாகச் சிவந்திருந்தன. இருட்டும் நேரத்தில் திரும்பியபோது தோளில் துப்பாக்கி மட்டும் இருந்தது. வீட்டுக்குள் அவர் மனைவி டவுனிலிருந்து வந்த உறைந்த கோழியை வெந்நீரில் போட்டிருந்தார். மாமா மருமகனின் கையைப் பிடித்து, விளக்கடியில் கொண்டுபோய், ஐந்து புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கம்மியா வெச்சுட்டேன்" என்றார்.