கூட்டாளி ஏலம் கேட்டால்...

'சீட்டு' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் கச்சிராயபாளையம் பக்கம் சீட்டுக்கட்டு என்றாலே மரத்தடி, விரித்த துண்டு, காசு, அதற்கப்புறம் வீட்டில் சண்டை! சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் என் அப்பா, "சீட்டைத் தொட்டவன் உருப்பட மாட்டான்டா" என்பார். அவர் பயம் நியாயமானதே.

ஆனால் நான் எழுத வந்தது காசு வைக்காமல் ஆடும் பிரிட்ஜ் பற்றி. விடுதியில் எங்கள் கணக்கு சார் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்தது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்த ஆட்டத்தில்தான் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். அப்போது பர்தனுக்கு வயது 60!

நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஆடுவதற்கு முன்னால் ஏலம். 'ஒன்று ஸ்பேட்' என்று கேட்டால், ஸ்பேட் துருப்பு, 13 பிடியில் 7 பிடி எடுப்போம் என்று அர்த்தம். 'நான்கு' என்றால் 10 பிடி. அதை எடுத்தால் பெரிய பரிசுப் புள்ளி. சொன்னதை எடுக்காவிட்டால் தண்டம்.

கை பலத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டு முழுவதும் சேர்த்து 40. கூட்டாளி 'ஒன்று ஸ்பேட்' என்றால், அவரிடம் 12-க்குக் குறையாத புள்ளியும் ஐந்து ஸ்பேடாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். இப்போது நம் முறை. எவ்வளவு உயர்த்துவது?

சார் சொல்லிக்கொடுத்த முறை இது. ஸ்பேடில் மூன்றாவது இருந்து, 6 முதல் 9 புள்ளி என்றால் 'இரண்டு'. நல்ல துருப்பும் 10 முதல் 12 புள்ளியும் இருந்தால் 'மூன்று'. அது ஓர் அழைப்பு: "உங்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நான்குக்குப் போங்கள், இல்லையென்றால் இங்கேயே நிற்போம்." 13-க்கு மேல் இருந்தால் முதலில் வேறொரு வகையைச் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றில் ஸ்பேடை நான்குக்கு ஏற்ற வேண்டும்.

அப்படியானால் எடுத்த எடுப்பில் 'நான்கு' என்று தாவுவது யார்? பணக்காரக் கை என்று நினைப்பீர்கள். இல்லை! ராஜாவோடு ஐந்து ஸ்பேட், ஹார்ட்டில் ஒரே ஒரு மூன்று, டைமண்டில் ஜாக்கியோடு நான்கு, கிளாவரில் மூன்று சில்லறை. மொத்தமே 4 புள்ளி! ஆனாலும் 'நான்கு' கேட்கலாம். ஹார்ட்டில் ஒற்றைச் சீட்டு போனதும், அடுத்த ஹார்ட்டைத் துருப்பால் வெட்டிவிடலாம். எதிராளிக்கும் பேச இடம் இருக்காது. கூட்டாளியின் துருப்பு நம்மிடம் நீளமாக இருந்தால், ஒரு வகை அடியோடு இல்லாததற்கு 5, ஒற்றைச் சீட்டுக்கு 3, இரண்டு மட்டும் இருந்தால் 1 என்று கூட்டிக்கொள்ளலாம். இல்லாமைக்கும் புள்ளி போடும் ஆட்டம் இது ஒன்றுதானோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒன்று மட்டும் கூடாது. கண்ணடிப்பது, இருமுவது, யோசிப்பதுபோல் நடிப்பது எல்லாம் விதிப்படி தவறு. பெரிய போட்டிகளில் கூட்டாளிகள் முகம் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரையே வைக்கிறார்கள். சொல்ல வேண்டியதை ஏலத்தில்தான் சொல்ல வேண்டும். உள்ளதை, உள்ளபடி.

இதை ஏன் மலரில் எழுதுகிறேன்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் அக்கா, பொங்கலுக்கு வந்தபோது ஓர் ஏலம் கேட்டது. "டிப்ளமோ முடிச்சதும் வேலைக்கு ஓடாத. பி.இ. நேரா ரெண்டாம் வருஷம் சேரலாமாமே? பணம் நான் பாத்துக்கறேன்."

அக்காவின் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குச் சேர்த்ததாகவும் இருக்கலாம். 'நான்கு' என்று நான் தாவினால், ஆட்டம் தோற்றால், தண்டம் கட்டுவது அக்கா. 'பாஸ்' சொன்னால் அது கேட்ட ஏலத்துக்கே மரியாதை இல்லை. அதனால் என் கையை எண்ணினேன். படம் போட்ட சீட்டு குறைவு: ஆங்கிலம் சுமார், வீட்டில் சேமிப்பு இல்லை. ஆனால் மெக்கானிக்கலில் நல்ல மார்க், லேத்தில் நல்ல கை. எங்கள் வீட்டில் பட்டதாரி ஒருவர்கூட இல்லை. அடியோடு இல்லாத வகை! கலந்தாய்வில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டே, அது அந்த 5 புள்ளி.

போனில் 'மூன்று' சொன்னேன். "அக்கா, சர்க்கார் காலேஜ் கெடைச்சா சேர்றேன். சலுகை போக ஆஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வருஷத்துக்கு எவ்ளோ ஆகும்னு எழுதி அனுப்பறேன். லீவுல வேலை செஞ்சு நான் போடறது இவ்வளவு. இதுக்கு மேல உன் கைய நீ பாத்துச் சொல்லு. முடியலன்னா வேலைக்குப் போறேன், வருத்தமில்ல."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்க அனுப்பு, பாத்துட்டுச் சொல்றேன்" என்றது.

நண்பர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் யாரோ ஒருவர் ஏலம் கேட்டிருப்பார். நமக்காகக் கேட்டவருக்கு நம் கையை உள்ளபடி சொல்வோம். முடிவு எதுவானாலும் இருவரும் சேர்ந்து ஆடலாம்.

— இறுதியாண்டு, இயந்திரவியல்