வாகனத்துக்குள் இரண்டு லாச்சிகள்

செயற்கைக் கால் அணிந்தவர்களைத் தேடிக் கிராமங்களுக்குப் போகும் ஒரு நடமாடும் சேவையில் நான் உதவியாளராக வேலை செய்கிறேன். கால் செய்வது என் வேலை அல்ல. அதற்குப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எங்களோடு வருவார். கழன்ற பாதத்தை இறுக்குவது, அறுந்த பட்டியை மாற்றுவது போன்ற வேலைகளில் அவருக்குக் கைகொடுப்பதும், சாமான்களைக் கணக்குப் பார்த்து வைத்திருப்பதும் என் பொறுப்பு. எனக்கும் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை பட்டுப் போனது. அதைப் பற்றி எழுத இப்போது வரவில்லை. ஒரு பலகைப் பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் வாகனம் ஒரு பழைய லான்ட் ரோவர். நான்கு சில்லும் இழுக்கிற வாகனம். முத்தையன்கட்டுப் பக்கமும் துணுக்காய்ப் பக்கமும் உள்வீதிகள் மாரியில் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சேற்றுக்குள் வேறு வாகனம் போகாது. சாரதி அண்ணைக்கு அதன்மேல் தனிப் பாசம். இந்த வகை வாகனம் முதன்முதலில் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்டதாம். உலகப் போர் முடிந்த கையோடு அங்கே உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்களாம். "எங்களை மாதிரித்தான் பிள்ளை, இல்லாததை வைச்சுச் செய்த வண்டி" என்பார்.

வண்டி எந்தச் சேற்றிலும் போனது. ஆனால் அதற்குள் இருந்த சாமான்களுக்கு ஒழுங்கு இல்லை. உரப்பை மூன்று, பயணப்பை இரண்டு, மூடி உடைந்த பிளாஸ்ரிக் வாளி ஒன்று. அவற்றுக்குள் றப்பர் பாதங்கள், பட்டிகள், காலுறைகள், போல்ட்டுகள், ஸ்பானர்கள் எல்லாம் கிடந்தன. ஒரு குழியில் சில்லு விழுந்து எழும்பினால் எல்லாம் இடம் மாறிவிடும். கிராமத்தில் இறங்கியதும் பைகளை நிலத்தில் இறக்கி வைத்துத் தேடவேண்டும். பொய்க்காலோடு குந்தியிருந்து தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று பொய்க்கால் போட்டவர்களுக்குத் தெரியும். குந்த முடியாது. நல்ல காலை மடித்து, மற்றக் காலை நீட்டி, ஒரு கையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் துழாவவேண்டும்.

2022 ஒக்ரோபரில் ஒருநாள். அந்த வருடம் எரிபொருள் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. மாதத்துக்கு நாலு தரம் போன இடங்களுக்கு ஒருதரம்தான் போக முடிந்தது. முத்தையன்கட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அக்கா ஒருவர் காலையிலிருந்தே எங்களுக்காகக் காத்திருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வயலிலும் தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர். பாதத்தைக் காலோடு பிடித்திருக்கும் போல்ட்டின் புரி தேய்ந்து, நடக்கும்போது பாதம் அங்குமிங்கும் ஆடியது. பத்து மில்லிமீற்றர் போல்ட் ஒன்றும் அதற்குப் போடும் வாசரும் இருந்தால் கால்மணி வேலை.

தேடினேன். எல்லாப் பைகளையும் பாயில் கொட்டித் தேடினேன். மழை தூறத் தொடங்கியது. கிடைக்கவில்லை. கடைசியில் தொழில்நுட்பவியலாளர் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதிகம் நடக்கவேண்டாம், அடுத்தமுறை மாற்றித் தருகிறோம் என்றார். அடுத்தமுறை என்றால் அடுத்த மாதம். அக்கா என்னைப் பார்த்து, "பரவாயில்லை தங்கச்சி, நீங்கள் என்ன செய்வியள்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து வாகனத்தைக் கூட்டும்போது அந்தப் போல்ட் கிடைத்தது. காலுறைக் கட்டு ஒன்றுக்குள் புகுந்திருந்தது. அதே அளவில் ஆறு போல்ட்டுகள், வாசரோடு. ஒரு மாதக் கூலியை அந்த அக்கா இழந்தது என்னுடைய உரப்பையால் என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வாகனத்தின் பின்பக்கத்துக்கு லாச்சி செய்யலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. வெளிநாடுகளில் காட்டுப் பயணம் போகிறவர்கள் இப்படிச் செய்துகொள்வதைத் தொழில்நுட்பவியலாளர் படத்தில் காட்டினார். செய்து விற்பதும் உண்டாம். அந்த விலையில் எங்கள் வாகனத்தையே வாங்கலாம் போலிருந்தது. அலுவலகத்தில் கேட்டபோது, வாகனத் திருத்தத்துக்குக் காசு இருக்கிறது, தளபாடத்துக்கு இல்லை என்றார்கள். இது தளபாடமா திருத்தமா என்று இரண்டு கிழமை கதைத்து, கடைசியில் இரண்டு பிளைவூட் பலகைக்கும் ஆணி பசைக்கும் மட்டும் காசு தந்தார்கள். செய்கூலிக்கு இல்லை. ஆகவே நான்தான் செய்யவேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓடாவி ஐயாவிடம் போய்க் கேட்டேன். எழுபது வயது தாண்டியவர், கை நடுக்கம் இருப்பதால் வேலையை விட்டிருந்தார். "என்ர கை நடுங்கும், வாய் நடுங்காது. நான் சொல்லச் சொல்ல நீ செய்" என்றார்.

பலகை வாங்கப் போன கடையில் "ஆர் வேலை செய்யிறது?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு கடைக்காரர் சாரதி அண்ணையோடுதான் கதைத்தார். தண்ணீருக்குத் தாங்கும் பலகை என்று சொல்லித் தந்ததை ஓடாவி ஐயா நம்பவில்லை. பிளைவூட் என்பது மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் இழை மற்றதற்குக் குறுக்காக வரும்படி ஒட்டிய பலகை. மரம் எதுவானாலும் அதன் உயிர் பசையில்தான். பசை மட்டமானால் ஒரு மாரிக்குள் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். அதனால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை அரிந்து பானையில் போட்டு அவிக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கொதித்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்து, "இதுக்கு உப்புப் போட்டனியோ?" என்று கேட்டார். ஏடு கழரவில்லை. சந்தோசமாக வேலையைத் தொடங்கினோம்.

பலகையின் தடிப்பிலும் ஒரு வாக்குவாதம். சாரதி அண்ணை 18 மில்லிமீற்றர் போடச் சொன்னார். ஆனால் எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று அந்தத் தடிப்பில் ஏறக்குறைய 30 கிலோ வரும். 12 மில்லிமீற்றர் என்றால் 20 கிலோ. சேற்றுக்குள் போகிற வண்டியில் பாரத்தைச் சும்மா ஏற்றக்கூடாது. மெல்லிய பலகையையே எடுத்து, மூலைகளில் மரச்சட்டம் வைத்துப் பலப்படுத்தினோம்.

நான் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது தையல் பழகியவள். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, சட்டைத்துணி வெட்டுவதுபோல எல்லாத் துண்டுகளையும் வெட்டிப் பலகையின் மேல் பரப்பிப் பார்த்தேன். முதற் பலகையில் பெட்டியின் மேல், அடி, இரண்டு பக்கம். இரண்டாவதில் நடுச்சுவர், பின்பக்கம், இரண்டு லாச்சிகள். அப்படியும் ஒரு துண்டு குறைந்தது. ஒரு லாச்சியின் பின்பலகை எங்கள் வீட்டுப் பழைய மேசையிலிருந்து வந்தது.

தையல் அறிவு உதவியது, காலையும் வாரியது. தையலில் எப்போதும் தையலுக்கென்று கூட்டி வெட்டுவோம். பலகையில் கழிக்கவேண்டும். ஒவ்வொரு மூலையிலும் பலகையின் தடிப்புக் கழியவேண்டும், லாச்சி ஓடுவதற்கு இருபுறமும் கால் அங்குலம் கழியவேண்டும். அதையெல்லாம் ஐயா சொல்லித் தந்தார். அவரும் மறந்த ஒன்று இருந்தது. வாகனத்துக்குள்ளே இரண்டு சில்லு மேடுகளுக்கும் இடையில் அளந்தேன், 36 அங்குலம். பெட்டியை 35¾ அங்குல அகலத்தில் அரிந்து, பசை பூசிப் பூட்டி, நாலுபேர் தூக்கிக்கொண்டு போனோம். பின்கதவு வாசலுக்குள் போகவில்லை. வாசலின் அகலம் 34½தான்!

வீட்டுக்குள்ளே கட்டில் செய்து வெளியே எடுக்க முடியாமல் நின்றவனின் கதையை ஐயா சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பசை காயமுன் கழற்றி, மேலையும் அடியையும் பின்பக்கத்தையும் அரிந்து 34 அங்குலமாக்கினோம். லாச்சிகளை இன்னும் வெட்டாதது அதிர்ஷ்டம். நீங்கள் யாராவது செய்வதானால் வாசலை முதலில் அளவுங்கள், உள்ளே பிறகு.

அரியும்போது கவனிக்க வேண்டியவை சில. வெட்டும் கோட்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, கூரிய கத்தியால் ஒருதரம் கீறிவிட்டுப் பிறகு வாளை வைத்தால் மேல்தகடு பிசிறாது. பலகையின் விளிம்பில் ஸ்குரூ ஆணியை நேராக முறுக்கினால் ஏடு பிளக்கும். முதலில் மெல்லிய துளை போட்டு, பசையும் பூசியே முறுக்கவேண்டும். தண்ணீர் போவதும் விளிம்பால்தான். ஆகவே மற்ற இடத்துக்கு ஒருதரம் வார்னிஷ் பூசினால் விளிம்புக்கு மூன்றுதரம்.

பெட்டியை வாகனத்தோடு பூட்டும்போது நடந்ததைக் கட்டாயம் எழுதவேண்டும். சாமானோடு நூறு கிலோவுக்குக் கிட்ட வரும் பெட்டி சும்மா இருந்தால், திடீரென்று பிறேக் போடும்போது முன்னால் இருப்பவர்களின் முதுகுக்கு வரும். அதனால் தளத்தில் நாலு துளை போட்டு போல்ட்டால் இறுக்குவதென்று நினைத்தேன். டிரில்லைத் தளத்தில் வைத்து அழுத்தப் போகும்போது சாரதி அண்ணை கத்திக்கொண்டு ஓடிவந்தார். "பிள்ளை, கீழ டாங்கி!" எங்கள் வாகனத்தில் டீசல் டாங்கி பின்தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. குனிந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். குனிவது எனக்குக் கஷ்டம் என்பதால் பார்க்கவில்லை. பிறகு தளத்தைத் தொடாமல், பக்கவாட்டு இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் சில்லு மேடுகளில் ஏற்கனவே இருந்த துளைகளில் இரும்புக் கோணங்களை வைத்துப் பூட்டினோம். அலுமினியத்தோடு இரும்பு நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். ஆகவே இடையில் பழைய ரியூப் றப்பரை வெட்டி வைத்தோம்.

அடுத்தது லாச்சி ஓடுவது. கடையில் விற்கும் குண்டு வைத்த உருக்குத் தண்டவாளங்களுக்குக் காசு போதாது. காசு இருந்திருந்தாலும் எங்கள் செம்மண் தூசி போய் அடைத்துவிடும். ஐயா மெழுகுதிரி தேய்த்தால் போதும் என்றார். தொழில்நுட்பவியலாளர் வேலைத்தலத்தின் குப்பைப் பெட்டியைக் காட்டினார். செயற்கைக் காலின் குழியை பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, சாந்து அச்சின்மேல் போர்த்திச் செய்வார்கள். வெட்டி எறிந்த ஓரங்கள் அங்கே நிறையக் கிடக்கும். வழுவழுப்பானது, தண்ணீர் உறிஞ்சாது. அந்தத் துண்டுகளை ஒன்றரை அங்குல நாடாக்களாக வெட்டி லாச்சி ஓடும் இடமெல்லாம் ஆணியின் தலை உள்ளே அமிழும்படி பூட்டினேன். ஒரு விரலால் இழுத்தால் வந்தது. என் காலும் அந்தத் தகடுதான். லாச்சியும் நானும் ஒரே சாமானில் ஓடுகிறோம் என்று சொன்னேன். ஐயாவுக்கு விளங்கவில்லை, நான் காலைத் தட்டிக் காட்டினேன்.

ஏற்றத்தில் லாச்சி தானாக வெளியே வராமலிருக்க வெளியில் தாழ்ப்பாள், முழுதாக இழுபட்டு விழாமலிருக்க உள்ளே ஒரு தடைக்கட்டை. பெட்டியின் உயரம் 11 அங்குலம் மட்டும். அதைவிட உயர்த்தியிருந்தால் இன்னும் சாமான் பிடித்திருக்கும். ஆனால் இந்த உயரத்தில் லாச்சி என் இடுப்புக்கு நேரே வருகிறது, மேற்பலகை நின்றபடி வேலை செய்யும் மேசையாகிறது. குந்தத் தேவையில்லை. வலது லாச்சியில் வலது பாதங்கள், இடது லாச்சியில் இடது பாதங்கள், சென்ரிமீற்றர் அளவுப்படி தட்டுத் தட்டாக. போல்ட்டுகளுக்கு மூடி போட்ட மாப்பால் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வட்டம் வெட்டிய பலகை, அதற்குள் இறுக்கமாக இருக்கும்.

இதற்கிடையில் நவம்பரிலேயே அந்த அக்காவின் போல்ட்டை மாற்றிக்கொடுத்துவிட்டோம். நான் அதை உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். ஆனால் லாச்சியோடு அவர் கிராமத்துக்குப் போனது 2023 பெப்ரவரியில்தான். அன்று அவருக்குக் காலில் குறை ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு ஐயா ஒருவருக்குப் பாதம் மாற்ற அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். 26 சென்ரிமீற்றர், வலது. தாழ்ப்பாளைத் தட்டி, இழுத்து, கையை வைத்தேன். இருந்தது. ஐயாவின் வேலை நடக்கும்போது அக்கா லாச்சியை இழுப்பதும் தள்ளுவதுமாக நின்றார். உள்ளே கையை விட்டு அந்தப் பிளாஸ்ரிக் நாடாவைத் தடவிப் பார்த்தார்.

"ஆர் தங்கச்சி செய்தது?"

சொன்னேன்.

"என்ர குசினிக்கு இப்படி ஒண்டு செய்ய எவ்வளவு பலகை போகும்?" என்று கேட்டார். நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கு நடந்தேன். முதலில் வாசலைத்தான் அளந்தேன்.