திக்குவாயும் திறந்த செவியும்

நம்மவர்க்கு மேடைப் பேச்சென்றால் அளவிறந்த மோகம். கலியாணப் பந்தலிலும் பேச்சு, கருமாதி வீட்டிலும் பேச்சு, சங்கத்தின் ஆண்டு விழாவிலும் பேச்சு. அடுக்குமொழியை ஆற்று வெள்ளம்போல் பொழிகின்றவனை அறிஞன் என்கிறோம். ஒரு சொல்லை மூன்று முறை முட்டி மோதிச் சொல்கின்றவனை மூடன் என்கிறோம். முன்னது பிழையென்றால், பின்னது அதனினும் பெரும் பிழையாகும். திக்குவாயோடு வளர்ந்து, இந்த 60 வயது கடந்த பின்னும் அதனை முற்றும் நீங்கப் பெறாதவன் என்ற உரிமையால், இதைப்பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

திக்குதல் நாவின் ஊனமன்று, அறிவின் குறையன்று, முற்பிறப்பின் வினையுமன்று. குழந்தை சொற்களைக் கோத்துப் பேசத் தலைப்படும் பருவத்தில், பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், இது தோன்றுகிறது. 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கியும் விடுகிறது. வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஒருவரிடம் நிலைத்து நிற்கிறது. பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் அமைப்பும், குடிவழியாக வரும் கூறுகளும் இதற்குக் காரணமாகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், இதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே தலையெழுத்தைப் பழிப்பதற்கு இங்கே இடமேயில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. திக்குகின்ற அதே வாய் பாடும்பொழுது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் ஓதும்பொழுதும் திக்குவதில்லை. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் வகுப்பு முழுவதும் வாய்பாடு ஒப்பிக்கும்பொழுது என் குரல் எல்லோர்க்கும் முன்னே ஓடும். ஆசிரியர் என்னைத் தனியே எழுப்பிப் பெயர் கேட்டால், வாய் திறந்தபடியே நிற்கும், ஒலி வராது. என் பெயரின் முதலெழுத்து வல்லெழுத்து. வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சிரிப்பார். கோப்பி குடிக்க ஆசைகொண்டு, 'கோ' வராமையால் 'மைலோ' என்று சொல்லி அதைக் குடித்துவிட்டு வந்த நாட்கள் பல. வேண்டிய சொல் வாராதபொழுது வேறு சொல்லைத் தேடிக்கொள்ளலாம். பெயருக்கு வேறு சொல் ஏது?

வீட்டார் சும்மா இருந்தார்களில்லை. பாட்டி வசம்பைச் சுட்டு இழைத்து நாவில் தடவினாள். அம்மா தாயத்துக் கட்டி, தண்ணீர்மலைக்கு நேர்ந்துகொண்டாள். இவற்றையெல்லாம் செய்தது அன்பு. அவ்வன்பைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆயினும், நோய் நாவில் இல்லாதபொழுது நாவில் தடவும் மருந்து என்ன செய்யும்? தடை மூளைக்கும் வாய்க்கும் இடையே தொடங்குகிறது. கேட்பவனுடைய முகத்தைக் கண்டதும் அது பன்மடங்காகிறது. இவ்விரண்டாவது பகுதியைத் தீர்க்க வசம்பாலும் இயலாது, வேண்டுதலாலும் இயலாது.

இதன் முழுக் கொடுமையை நான் உணர்ந்தது அப்பா இறந்த பிறகு. அவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பெற நகரத்து அலுவலகம் ஒன்றுக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது; மலாயும் அரைகுறை. அவளுக்கு வாயாக வந்தவன் நான். அப்பாவின் பெயரைச் சொல்லத் தொடங்கி, அதன் முதலெழுத்திலேயே நின்றுவிட்டேன். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். காகிதங்களைத் திருப்பித் தள்ளிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார். 25 ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒருவருடைய பணம், மகனுடைய வாயில் சிக்கிக்கொண்டு நின்றது. திக்குவாய் என்பது சிரிப்புக்குரிய செய்தியன்று, சோற்றுக்குரிய செய்தி என்பதை அன்று கண்டேன்.

பின்னர் ஜார்ஜ்டவுன் நகரில் பினாங்கு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கமர்ந்தேன். அங்கே கணக்கெழுதிய முதியவர் ஒருவர் என்னிடம் நடந்துகொண்ட விதம் புதிதாயிருந்தது. நான் திக்கும்பொழுது அவர் பார்வையை விலக்கவில்லை; என் சொல்லைத் தாம் முடித்துவைக்கவுமில்லை. "தம்பி, எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, நீயே சொல்லி முடி" என்பார். ஒரு மாதம் சென்றதும், தொலைபேசி மணி அடித்தால் நானே எடுக்கவேண்டுமென்று விதித்தார். முகங்காணாத மனிதர் மறுமுனையில் காத்திருக்க, கடையின் பெயரைச் சொல்வது எனக்கு மலையேறுவதாக இருந்தது. பலர் இணைப்பைத் துண்டித்தனர். "மறுபடி கூப்பிடுவார்கள், துணி வேண்டுமல்லவா?" என்று சொல்லிவிட்டு அவர் கணக்கில் ஆழ்ந்துவிடுவார்.

1985-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, தீவுக்கும் கரைக்கும் பெரிய படகே வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் காணப் பட்டர்வொர்த்துக்குக் கடக்கும்பொழுது, படகின் மேல்தட்டில் நின்று, இயந்திர இரைச்சலில் பிறர் காதில் விழாதவாறு செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். வல்லெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் உதடுகளை அழுத்தாமல், மூச்சை முன்னே விட்டு, மெல்லத் தொட்டுச் சொல்லிப் பழகினேன். தடை வந்தால் ஓடாமல், அந்தச் சொல்லையே மீண்டும் சொல்வேன்.

நான் தனியனல்லன் என்பதைப் பின்னர் நூல்களிற் கண்டேன். பேச்சுக் குறையை வெல்லக் கூழாங்கற்களை வாயிலிட்டுப் பழகிய டெமாஸ்தனீசை யாவரும் அறிவர். ஆனால் 1939 முதல் 1950 வரை ஆண்டு பொறித்த மலாயாக் காசுகளில் முடிசூடிய தலையாக இருந்தவரும் ஒரு திக்குவாயரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆறாம் ஜார்ஜ், இளவரசராயிருந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டு வெம்பிளிக் கண்காட்சியை முடித்துவைக்கும் உரையில் திணறினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியரான லயனல் லோகிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் போர்ச் செய்தியை வானொலியில் சொன்னபொழுதும் அவர் நிறுத்தி நிறுத்தியே பேசினார். கூலிக் காசை எண்ணிய நம் பாட்டன்மார், தம்மைப்போலவே அஞ்சி அஞ்சி வாய் திறந்த ஒருவருடைய முகத்தையே கையில் வைத்திருந்தனர்.

அரசர்க்கு ஆசிரியர் கிடைப்பார். ஏழைக்கு யார் என்று கேட்கலாம். கேரளத்தின் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு இளமை முதல் இறுதி வரை திக்கியே பேசினார். அவ்வாறு பேசியே தம் சாதியின் பழைய கட்டுகளை எதிர்த்தார். 1957-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் முதலமைச்சரானார். ஆயிரக்கணக்கான கூட்டங்களில் உரையாற்றினார். எப்பொழுதுமே திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, பேசும்பொழுது மட்டுந்தான் என்று அவர் விடை சொன்னதாகக் கேரளத்தார் இன்றும் சொல்லி மகிழ்வர். தாமும் திக்குவாயராயிருந்து, அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சிக்கு வழிகாட்டிய சார்ல்ஸ் வான் ரைப்பர் கற்பித்ததும் இதுவே: திக்காமலிருக்கப் போராடாதே, அஞ்சாமல், இலேசாகத் திக்கக் கற்றுக்கொள்.

அந்நாளில் நகரத்தில் சனிக்கிழமை தோறும் கூடிய இளைஞர் மன்றம் ஒன்றில், உறுப்பினர் ஒவ்வொருவரும் 5 நிமிடம் பேசவேண்டுமென்பது விதி. என் முறை வந்தது, தலைப்பு 'சிக்கனம்'. அந்தத் தலைப்பையே மூன்று முறை முயன்றுதான் சொன்னேன். பேச்சு முடிய 12 நிமிடமாயிற்று. தலைவர் மணியைத் தொடவில்லை. எவரும் எழுந்து போகவில்லை. கைதட்டல் பெரிதன்று, அவர்கள் காத்திருந்ததே பெரிது.

சில நாளில் அம்மாவை அழைத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்கு மீண்டும் சென்றேன். முதலில் ஒன்று சொன்னேன்: "எனக்குத் திக்குவாய், சொல்லி முடிக்கச் சற்று நேரமாகும், பொறுத்துக் கேளுங்கள்." அதையும் திக்கியே சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவின் பெயரில் நான்கு முறை தடுக்கினேன். ஐந்தாம் முறை பெயர் முழுதாக வந்தது. அடுத்த மாதம் பணமும் வந்தது.

எனவே, அன்பர்களே, திக்குவாயை வெல்வதென்பது மடைதிறந்த பேச்சைப் பெறுவதன்று. திக்கினாலும் வாயை மூடாதிருப்பதே வெற்றி. அதில் பாதி பேசுகின்றவன் கையில். மறுபாதி கேட்கின்றவர் கையில். வள்ளுவர் 'சொல்வன்மை'க்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்பே 'கேள்வி'க்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மேடைதோறும் முன்னதைப் போற்றுகிறோம். பின்னதை வீட்டிலும் பள்ளியிலும் மறந்துவிடுகிறோம்.

பெற்றோர்களே, குழந்தை திக்கினால் அதட்டாதீர்கள். சொல்லைப் பிடுங்கி முடிக்காதீர்கள். நீங்களும் நிதானமாகப் பேசுங்கள். தடை நீங்காது தொடர்ந்தால் தாயத்துக்காரனைத் தேடாமல், அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் உள்ள பேச்சுப் பயிற்சியாளரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர்களே, வகுப்பு சிரித்தால் நீங்கள் சிரிக்காதீர்கள். சங்கத் தலைவர்களே, நாவன்மையுள்ளவனுக்கு மேடை எங்கும் கிடைக்கும்; திக்குகின்றவனுக்கு நீங்கள் 12 நிமிடம் கொடுங்கள். நம்மில் எத்தனையோ பேருடைய நியாயம், முதலெழுத்தைத் தாண்டமுடியாமல் உள்ளேயே கிடக்கிறது. அது வெளிவரக் கேட்பவர் செலவிட வேண்டியது சிறிது பொறுமையே.